பிகேஷ்எஃப்எஸ்ஸுக்காக இன்னும் காத்திருக்கலாமா? ஆச்சி பாட்டுக் கோப்பில் கரகரப்பு

பொதிகைத்தென்றல் கேட்டது:

வணக்கம். பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒரே நகலை வைக்கும் எம்டி ரெய்டு1 (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு), அதன் மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. எங்கள் ஆச்சி பாடிய நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாக 200-க்கு மேல் அதில் இருக்கின்றன. எல்லாம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்புகள். ஆச்சி இப்போது இல்லை.

போன வாரம் ஒரு தாலாட்டைக் கேட்டேன். நடுவில் அரை நொடி கரகரவென்று சத்தம். கணினியை அணைத்துப் போட்டு மறுபடி கேட்டால் சுத்தமாக இருக்கிறது. மறுநாள் கேட்டால் மீண்டும் கரகரப்பு. வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் இரண்டு வட்டுமே நலம் என்கிறது.

பிகேஷ்எஃப்எஸ் என்ற புது கோப்பு முறைமை வந்தால் செக்சம் (கோப்பு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்), இரட்டை நகல், எஸ்எஸ்டி கேஷ் (வேகத்துக்கான இடைச் சேமிப்பு) மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று பல வருடமாகக் காத்திருக்கிறேன். அதற்கென்று வாங்கிய 500 ஜிபி எஸ்எஸ்டி உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. லினக்ஸின் மையமான கர்னலில் இருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? இன்னும் காத்திருக்கலாமா?

சர்வர்மணி:

தம்பி, முதலில் ஒரு வேலை. எம்டியில் ரிப்பேர் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு வட்டிலும் உள்ள நகல்கள் வேறு வேறாகிவிட்டன போலிருக்கிறது. எந்த வட்டிலிருந்து படிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் நல்லது வரும், ஒரு நாள் கெட்டது வரும். ரெய்டு1-க்கு இரண்டும் ஒன்றா இல்லையா என்று மட்டும்தான் தெரியும், எது சரி என்று தெரியாது. ரிப்பேர் சொன்னால் ஒன்றை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். நல்லதை அழித்துவிட்டால் போனது போனதுதான்.

ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாக, படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து எல்லாக் கோப்புக்கும் செக்சம் பட்டியல் எடுங்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, மாறுபடுகிறவற்றைக் காதால் கேட்டுப் பிரியுங்கள். வேறு யாரிடமாவது நகல் இருக்கிறதா?

கடையநல்லூரான்:

பிகேஷ்எஃப்எஸ் பற்றிக் கேட்டதற்கு: உண்மைதான். அதை உருவாக்கும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் 2015-இல் அறிவித்தார், 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில் சேர்ந்தது. பிழைதிருத்தம் மட்டும் அனுப்ப வேண்டிய கட்டத்தில் புது வசதிகளையும் அனுப்புகிறார் என்று கர்னலின் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் அவருக்கும் உரசல் முற்றி, 2025-இல் 6.18-க்கு அதை நீக்கிவிட்டார்கள். திட்டம் சாகவில்லை. கர்னலுக்கு வெளியிலிருந்து தனியாகச் சேர்க்கும் டிகேஎம்எஸ் மாட்யூலாகத் தொடர்கிறது. நான் இன்றும் சோதனைக் கணினியில் ஓட்டுகிறேன், ஆசையாகத்தான் ஓட்டுகிறேன். எழுதுவது எஸ்எஸ்டிக்கு, பிறகு சாவகாசமாக ஹார்டு டிஸ்குக்கு என்று அதுவே நகர்த்திக்கொள்ளும் அழகு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல் கம்பைல் ஆக வேண்டும். ஆகாத அன்று வட்டு திறக்காது. ஆச்சி பாட்டை அதில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று. இரண்டு நகல் கேட்டுவிட்டு ஒரே எஸ்எஸ்டி வைத்தால், இரண்டாவது நகல் ஹார்டு டிஸ்கில்தான் எழுதப்படும். அது முடியும்வரை எழுத்தும் காத்திருக்கும். நீங்கள் எதிர்பார்க்கும் வேகத்துக்கு எஸ்எஸ்டி இரண்டு வேண்டும்.

பொதிகைத்தென்றல்:

மிக்க நன்றி அண்ணா, ரிப்பேர் ஓட்டவில்லை. சென்னையில் அண்ணனிடம் ஒரு நகல் இருக்கிறது, வரவழைக்கிறேன். அப்படியானால் செக்சம் உள்ள இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு1 போட்டு, இரண்டு வட்டுக்கும் முன்னால் இந்த எஸ்எஸ்டியை பிகேஷ் என்ற கர்னல் வசதி மூலம் கேஷாக வைக்கலாமா? ரைட்பேக் முறையில் வேகம் நன்றாக இருக்கும் என்று படித்தேன்.

சர்வர்மணி:

அது பொறி. ரைட்பேக்கில் புதிதாக எழுதியது கொஞ்ச நேரம் எஸ்எஸ்டியில் மட்டுமே இருக்கும். இரண்டு நகலும் ஒரே எஸ்எஸ்டி வழியாகப் போனால், அது செத்த அன்று இரண்டும் சேர்ந்து போகும். ரைட்த்ரூ என்றால் பயமில்லை, ஹார்டு டிஸ்கில் எழுதிய பிறகுதான் முடிந்தது என்று சொல்லும்.

ஆனால் உங்களுக்கு கேஷ் எதற்கு? உங்கள் வேவ் கோப்பு நொடிக்குச் சுமார் 0.6 எம்பிதான் கேட்கும். ஹார்டு டிஸ்க் 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். போதாததற்கு, தொடர்ச்சியாக 4 எம்பியைத் தாண்டிப் படிப்பதை பிகேஷ் இயல்பிலேயே கேஷில் சேர்க்காமல் விட்டுவிடும். எஸ்எஸ்டியை உறை பிரித்து டெபியனை அதில் போடுங்கள். ஒலித் தொகுப்பு வேலை செய்யும் கோப்புறையும் அங்கேயே இருக்கட்டும்.

பிடிஆர்எஃப்எஸ் 2009 முதல் கர்னலில் இருக்கிறது. ரெய்டு5, 6 பக்கம் போகாதீர்கள், ரெய்டு1 போதும். படிக்கும்போது செக்சம் பொருந்தாவிட்டால் அடுத்த நகலை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். ஆனால் எழுதும்போது என்ன வந்ததோ அதற்குத்தான் செக்சம் போடும். கரகரப்போடு உள்ளே போனால் அந்தக் கரகரப்பையே பொன்போல் காக்கும். அதனால் நல்ல கோப்புகளைப் பிரித்தெடுத்த பிறகே மாற்றுங்கள்.

மாற்றும்போது: வெளியே ஒரு முழு நகல் முதலில். அப்புறம் ஒரு வட்டை ரெய்டிலிருந்து கழற்றி பிடிஆர்எஃப்எஸ் ஆக்கி, சரிபார்த்த கோப்புகளை நகலெடுங்கள். பிறகு மற்றதைச் சேர்த்து, டேட்டா, மெட்டாடேட்டா இரண்டையும் ரெய்டு1-க்கு மாற்றும்படி பேலன்ஸ் (இருப்பதை வட்டுகளில் மறுபடி பரப்பி எழுதும் கட்டளை) கொடுங்கள். வட்டைச் சேர்த்தால் மட்டும் பழைய கோப்புகளுக்கு இரண்டாவது நகல் வந்துவிடாது.

கடையநல்லூரான்:

ஒரு வட்டு போய்விட்டால் பிடிஆர்எஃப்எஸ் சும்மா மவுன்ட் ஆகாது, டிகிரேடட் என்று சொல்லித்தான் திறக்க வேண்டும். அன்றைக்குப் பதறாமல் இருக்க இப்போதே எழுதி ஒட்டி வையுங்கள்.

பொதிகைத்தென்றல்:

ஒன்பது நாள் ஆயிற்று. மொத்தம் 11 கோப்புகள் மாறுபட்டன. பத்தில் ஏதாவது ஒரு வட்டின் நகல் அண்ணனுடையதோடு அப்படியே பொருந்தியது. மீதி ஒன்று கோப்புக்குள் உள்ள பெயர், தேதிக் குறிப்புகளை நான் திருத்திச் சேமித்த பாட்டு, அதனால் செக்சம் யாரோடும் பொருந்தவில்லை. இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் மூன்றாவது நிமிடத்தில், ஆச்சி மூச்சை இழுத்துக் குலவை போடத் தொடங்கும் இடத்தில் உடைகிறது. மற்றதில் குலவை முழுசாக இருக்கிறது, பின்னால் கோழி கூவுவதுகூடக் கேட்கிறது. அதை வைத்துக்கொண்டேன்.

பேலன்ஸ் நேற்று முடிந்தது. எல்லா நகலையும் படித்துச் செக்சம் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினேன், பிழை 0. மாதம் ஒரு முறை தானாக ஓட டைமர் போட்டாயிற்று, அண்ணனுக்கும் புது நகல் அனுப்பிவிட்டேன். டிகிரேடட் கட்டளையைச் சீட்டில் எழுதி கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்.