மாடித்தோட்டம்: பங்குனிக் கடைசியில் நிலவரம் (புதுப்பிப்பு)

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கோடைக்காக வெண்டை, கொத்தவரை, சுரை ஆகியவற்றை விதைத்திருப்பதையும், மார்கழியில் நட்ட தக்காளி காய்த்துக்கொண்டிருப்பதையும் தை மாத இறுதியில் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

வெண்டையும் கொத்தவரையும் வெயிலைப் பொருட்படுத்தவில்லை. நரம்புகள் மஞ்சளாகிய சில வெண்டைச் செடிகளை மட்டும் உடனே பிடுங்கிவிட்டேன். வெள்ளை ஈ பரப்பும் அந்த நச்சுயிரி நோய்க்கு மருந்து கிடையாது. தக்காளியின் நிலைமை வேறு. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் மகரந்தம் வீரியம் இழப்பதால், பூக்கள் பிஞ்சு பிடிக்காமலே உதிர்கின்றன. 50 விழுக்காட்டு நிழல்வலை கட்டிய பின் இலைகள் சுருள்வது குறைந்ததே தவிர, பூ உதிர்வது நிற்கவில்லை. உரத்தைக் கூட்டச் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

சுரைப்பிஞ்சுகள் மஞ்சளாகி விழுவதைப் பற்றிச் சென்ற முறை பலர் கேட்டிருந்தீர்கள். சுரைப்பூ மாலையில் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடுவதால், பகலில் வரும் தேனீக்கள் அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. இரவில் வரும் அந்துப்பூச்சிகளும் எங்கள் மாடியில் குறைவு. எனவே, இருட்டும் நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் குட்டிச் சுரைக்காயுடன் இருக்கும் பெண்பூவின் சூல்முடியில் அதன் மகரந்தத்தை மெல்லத் தடவுகிறேன். அவ்வாறு தடவிய பூக்களில் பெரும்பாலானவை காயாகிவிட்டன. வீட்டில் இப்போது சுரைக்காய்க் கூட்டுக்கு எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது.

சித்திரை பிறந்ததும் தக்காளிப் பைகளைக் காலிசெய்து, அவற்றில் தண்டுக்கீரை விதைக்கவிருக்கிறேன்.