முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி: போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், நான்காம் நிலை, அதாவது கடைசிக் கட்டம். கோலாலம்பூரில் ஒரு தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். அப்பாவின் இபிஎஃப் பணத்தில் மிச்சம் இருந்ததை எடுத்து 16,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். ஊசியை விட அதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. தாதி ஓர் உலோகக் குடுவையைத் திறந்தார். வெண்புகை மேசை ஓரம் வழிந்து இறங்கியது. உள்ளே இருந்து சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி. தொப்புள்கொடியில் எடுத்த ஸ்டெம் செல்லாம், வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச் செல். அம்மா உடனே, “யார் பெத்த பிள்ளையோட கொடி மிஸ்ஸி இது? அந்தப் பிள்ளை நல்லா இருக்கா?” என்று கேட்டார். தாதி சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய தாளை என்னிடம் நீட்டினார். படிக்காமலே போட்டேன். மூன்று மாதம் வலி குறைந்த மாதிரி இருந்தது. இப்போது பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறார்.

பினாங்கு பேட்மிண்டன்:
எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசாதீர்கள். எனக்குப் போட்டது என் சொந்த ரத்தத்தில் எடுத்தது. 36 வயதில் விளையாடும்போது குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. கோலாலம்பூர் போய், ஆர்த்ரோஸ்கோப்பியில், அதாவது மூட்டுக்குள் சின்னக் குழாய் கேமரா விட்டு, எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டார்கள். மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் ரத்தத்துக்கு இறங்கி வர தனி ஊசி. இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம் ரத்தத்திலிருந்து அந்தச் செல்லைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். ஒரு கையில் ரத்தம் வெளியே போய், சுற்றி, மறு கைக்குச் சில்லென்று திரும்பி வரும். பாதியில் உதடு மரத்து, மூக்கு நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பயந்துவிட்டேன். கால்சியம் இறங்குகிறது என்று மருந்து ஏற்றினார்கள். பிறகு வாரம் ஒன்றாக ஐந்து ஊசி. இன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறுகிறேன். இந்த முறை பற்றி கோலாலம்பூர் மருத்துவர்கள் 2013-ல் ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள்.

பட்டர்வொர்த் தாதி (ஓய்வு):
தம்பி, அந்த ஆய்வை நானும் படித்தேன். 50 பேர், வயது 18 முதல் 50 வரை. செந்தூல் தங்கையின் அம்மா வயதில் ஒருவர்கூட இல்லை. செல் போட்டவர்களுக்கு ஸ்கேனிலும் நுண்ணோக்கியிலும் குருத்தெலும்பு நன்றாக வந்திருந்தது, உண்மை. ஆனால் கால் எப்படி இருக்கிறது என்று நோயாளிகளே போட்ட மதிப்பெண்ணில், செல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் படி ஏறுவது சந்தோஷம். அதில் துளைக்கு எவ்வளவு, பிசியோவுக்கு எவ்வளவு, செல்லுக்கு எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்?

நான் பார்த்தது ஒரு பாட்டியை. எங்கோ ஊசி போட்டு, முழங்கால் பந்து போல வீங்கிக் கொதித்தபடி வந்தார். சீழ் எடுத்தோம். கையில் ரசீது மட்டும். என்ன ஏற்றினார்கள் என்று ஒரு வரி இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் 475 பேரிடம் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி என்று மூன்று வகைச் செல்லையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து எதுவும் அதைவிட மேலாக இல்லை. எனவே பணம் கட்டும் முன்னே மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-வில் பதிவான பொருளா, அதன் பதிவு எண்ணான மால் (MAL) எண் உண்டா என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்று சொன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் மூட்டுக்கு நான்கு கிலோ பாரம் குறையும். நான்காம் நிலை என்றால் மூட்டு மாற்று பற்றி அரசு மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள், வரிசை நீளம்.

செந்தூல்வாசி:
அக்கா, அம்மா 48 கிலோதான், எடை பிரச்சினை இல்லை. நீங்கள் சொன்ன பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். குப்பி எண் என்ற இடம் காலியாக இருக்கிறது, கீழே என் கையெழுத்து. கிளினிக்குக்குப் போன் செய்தேன், பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது இன்னமும் எங்கள் பெயர்களுக்குப் பிறகு, “அந்தப் பிள்ளையும் நல்லா இருக்கணும்” என்று சேர்த்துக்கொள்கிறார்.