பெஸ்டோ ஜாரைத் தொறந்துட்டீங்களா? ஜெர்மனிக்கு புதுசா வந்தவங்க இத ஒரு தடவ படிச்சிடுங்க

இந்த செமஸ்டருக்கு வந்து இறங்கின தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும். முதல் மாசத்துலயே எப்படியும் பெஸ்டோ (பேசில் இலை, பூண்டு, சீஸ், எண்ணெய் போட்டு அரைச்ச இத்தாலி நாட்டு பச்சை சட்னி) உங்க ஃப்ரிட்ஜுக்கு வந்துடும், ஆல்டி, லிடில் மாதிரி சூப்பர் மார்க்கெட்ல சல்லிசா கெடைக்குது, பாஸ்தாவ வேகவெச்சு ரெண்டு ஸ்பூன் போட்டு கிளறினா ராத்திரி சாப்பாடு முடிஞ்சுது, பிரெட்ல தடவலாம், தோசைக்கு கூட தொட்டுக்கலாம். (சைவக்காரங்க சீஸ் என்னன்னு லேபிள்ல பாருங்க, பார்மெசான், பெக்கோரினோவுல கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற, பால திரிய வெக்கிற ரென்னட் இருக்கும், வீகன் ஜாரும் பக்கத்துலயே இருக்கும்.) பிரச்சனை எங்கன்னா நாம அத ஊறுகாய் மாதிரி நெனச்சிடுறோம், மேல எண்ணெய் மெதக்குதுல்ல, கெடாதுன்னு.

ஊறுகாய் கெடாம நிக்கிறது வெறும் எண்ணெயால இல்லங்க. உப்ப அள்ளி போடுறோம், எலுமிச்சையோ மாங்காயோ புளியோ ஏதோ ஒரு புளிப்பு இருக்கு, வெயில்ல காயுது இல்ல அடுப்புல சுண்டுது. வீட்டுல அரைக்கிற பெஸ்டோல இது எதுவுமே கெடயாது. பச்சையா பேசில் இலை, பச்சை பூண்டு, பைன் கொட்டை, சீஸ், ஆலிவ் ஆயில், கொஞ்சூண்டு உப்பு, அவ்ளோ தான். ஈர இலையும் பூண்டும் எண்ணெய்க்கு அடியில காத்து படாம உக்காந்திருந்தா கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற பாக்டீரியாவுக்கு ரொம்ப தோதான இடம், அதுக்கு காத்தும் ஆகாது புளிப்பும் ஆகாது. அதோட வித்துங்க (ஸ்போர்) மண்ணுல இருக்கு, இலை பூண்டோட வந்துடும், எவ்ளோ கழுவினாலும் முழுசா போகாது. மேல எண்ணெய் ஊத்தி வெச்சா பூஞ்சை சீக்கிரம் வராது, பச்சை நெறமும் நிக்கும், அது உண்மை, ஆனா இந்த கிருமிகிட்டேர்ந்து அது உங்கள காப்பாத்தாது.

அது விடுற நச்சுக்கு வாசனையும் கெடயாது, ருசியும் கெடயாது. 1985ல கனடா வான்கூவர்ல ஒரு ரெஸ்டாரண்ட்ல எண்ணெயில போட்ட பூண்ட ஃப்ரிட்ஜுல வெக்காம வெளிய வெச்சிருந்ததால 36 பேருக்கு பாட்டுலிசம், அதாவது இந்த நச்சால வர்ற நோய், வந்துச்சு. 2024 செப்டம்பர்ல பிரான்ஸ்ல தூர்ங்கிற ஊர் பக்கம், சின்ன அளவுல செஞ்சு வித்த காட்டுப்பூண்டு பெஸ்டோவ சாப்பிட்டு 5 பேர் ஆஸ்பத்திரில கெடந்தாங்க. ரொம்ப அரிதா தான் நடக்கும், ஆனா வந்துட்டா வென்டிலேட்டர் வரைக்கும் இழுத்துட்டு போகும். அதனால தான் சொல்றேன், மோந்து பாத்து நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, நாள் கணக்க பாருங்க.

ஷெல்ஃப்ல நிக்கிற கண்ணாடி ஜார் சூடுபண்ணி, புளிப்பு சேத்து, சீல் பண்ணது, தொறக்காத வரைக்கும் வெளிய இருக்கலாம். கூலிங் செக்ஷன்ல விக்கிற டப்பா நேரா ஃப்ரிட்ஜுக்கு. லேபிள்ல 'மின்டெஸ்டன்ஸ் ஹால்ட்பார் பிஸ்' (குறைஞ்சது இந்த தேதி வரை நல்லா இருக்கும்)னு இருந்தா அந்த தேதி தாண்டினாலும் ஒடனே குப்பைன்னு இல்ல, 'ட்சு ஃபெர்பிராவ்ஹன் பிஸ்' (இந்த தேதிக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்)னு இருந்தா தாண்டின அப்புறம் தொடாதீங்க. ரெண்டுமே தொறக்காத டப்பாவுக்கு தான். தொறந்துட்டா 'நாஹ் டேம் ஓஃப்னன்' (தொறந்த அப்புறம்)னு ஒரு வரி இருக்கும், அதுல போட்டிருக்குற நாள் தான் கணக்கு, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். தொறந்த தேதிய மூடியிலயே மார்க்கர்ல எழுதிடுங்க, வேகேல (பல பேர் சேந்து தங்குற வீட்டுல) நாலு பேர் ஒரே ஃப்ரிட்ஜ்னா எது எப்ப தொறந்ததுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. எடுக்குறப்ப காஞ்ச சுத்தமான ஸ்பூன், பிரெட் தூள் ஒட்டின கத்திய உள்ள விடாதீங்க.

வீட்டுல அரைச்சதுன்னா 3, மிஞ்சினா 4 நாள், அதுவும் அரைச்ச 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்கு போயிருக்கணும். 5 டிகிரிக்கு கீழ இருக்கணும், கதவுல வெக்காதீங்க, கதவு தான் எப்பவும் சூடு, காய்கறி டிராயருக்கு மேல இருக்குற கண்ணாடித் தட்டுல உள்பக்கமா தள்ளி வைங்க. இங்க நெறைய ஃப்ரிட்ஜுல டயல்ல 1லேர்ந்து 7 வரை இருக்கும், அது டிகிரி இல்ல, நம்பர் ஏற ஏற கூலிங் தான் ஏறும், நெறைய பேர் அத தப்பா புரிஞ்சுக்கிட்டு 2ல வெச்சிருக்காங்க. சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள போட்டுடுங்க.

நெறைய அரைச்சுட்டா அன்னைக்கே ஃப்ரீசர். ஐஸ் ட்ரேல ஊத்தி, கட்டியானதும் ஒரு கவர்ல தட்டி வெச்சுக்கிட்டா மாசக்கணக்குல வரும். சீஸ் போடாம ஃப்ரீஸ் பண்ணி சாப்பிடுறப்ப துருவி போட்டா ருசி நல்லா இருக்கும். வெளிய மேஜைல வெச்சு உருக விடாதீங்க, சூடான பாஸ்தாலயே நேரா போட்டுடலாம். ஜாம் மாதிரி ஜார்ல அடைச்சு கொதிதண்ணில வேகவெச்சு அலமாரியில அடுக்குற வேலை மட்டும் வேணாம், 100 டிகிரில அந்த வித்து சாகாது.

சரி, கெட்டுப்போச்சான்னு எப்படி பாக்குறது. மேல்பக்கம் கரும்பச்சையா பழுப்பா மாறினா அது காத்து பட்டதால, அதுக்காக மட்டும் தூக்கி போட வேணாம். ஃப்ரிட்ஜுல வெள்ளையா கட்டி கட்டியா தெரிஞ்சா பெரும்பாலும் ஆலிவ் ஆயில் உறைஞ்சது, ஒரு ஸ்பூன் எடுத்து வெளிய வெச்சா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும். தெளியாம பஞ்சு மாதிரி முடி முடியா நின்னா பூஞ்சை, மொத்த ஜாரும் போகணும், மேலாக்க வழிச்சுட்டு சாப்பிடாதீங்க. புளிச்ச வாடை, காறிப்போன எண்ணெய் வாடை, கிளறினா நுரை, மூடி உப்பியிருக்கு, புது ஜார் தொறக்குறப்ப டிக் சத்தமே வரல, இதுல எது இருந்தாலும் ருசி கூட பாக்காதீங்க, மூடியோட ஒரு கவர்ல கட்டி ரெஸ்ட்மியூல்ல (மறுசுழற்சிக்கு போகாத பொதுக் குப்பைத் தொட்டில) போடுங்க.

மார்ச் ஏப்ரல்ல ஃப்ரெண்ட்ஸ் காட்டுக்கு கூட்டிட்டு போய் பேர்லௌக் (காட்டுப்பூண்டு இலை) பறிச்சு பெஸ்டோ செய்யலாம்பாங்க. ருசி அருமை, ஆனா அதே எடத்துல மைக்ளோக்ஷன், ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸேன்னு ரெண்டு விஷச்செடி பாக்க அதே மாதிரி வளரும், உயிர் போயிருக்கு. மோந்து பாத்து பிரிக்கவும் முடியாது, நாலு இலை கசக்கினா கைல பூண்டு வாசனை ஏறிடும், அப்புறம் எல்லா இலையும் பூண்டு தான். தெரிஞ்சவங்க கூட இல்லன்னா கடையிலயே கட்டு வாங்கிக்கோங்க.

கடைசியா, சாப்பிட்ட 12லேர்ந்து 36 மணி நேரத்துல, சில சமயம் சில நாள் கழிச்சும், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுது, இமை தொங்குது, பேச்சு குழறுது, முழுங்க முடியல, வாய் வறண்டு போகுதுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, காய்ச்சல் இல்லயேன்னு சும்மா இருக்காதீங்க, இதுல பெரும்பாலும் காய்ச்சல் வராது. அவசர நம்பர் 112க்கு அடிங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க, மிச்சம் இருக்குற ஜாரையும் கையோட எடுத்துட்டு போங்க. நச்சு முறிவு மருந்து இருக்கு, சீக்கிரம் போட்டா தான் பலன்.