'கபாய்' பொறுப்புக்கு 'முறையழைப்பாளர்': ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

யூதத் தொழுகைக்கூடத்தின் 'கபாய்' என்னும் பொறுப்பாளருக்குத் தமிழ்ப்பெயராக இங்கே முன்மொழியப்பட்ட 'பூசகர்' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்டதோடு பலிவழிபாடும் அதை நடத்திய பூசகர் பணியும் நின்றுபோயின; ரபியும் பூசகர் அல்லர், மறைச்சட்டம் கற்பித்துத் தீர்ப்புரைக்கும் ஆசிரியரே. மரபுவழிச் சபையில் வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால் ரபி இல்லாமலே பொதுத்தொழுகை நடக்கும். கொச்சி யூதர்கள் மூத்தோரைக் கொண்டே தம் சபைகளை நடத்தினார்கள்; கொச்சி அரசின்கீழ் அவர்களுடைய தலைவர் 'முதலியார்' என்ற பட்டம் தாங்கியது நமக்கு நெருக்கமான செய்தி.

ஓய்வுநாள் காலையில் யூத மறைநூலான தோராவின் வாசிப்புக்கு ஏழு பேரை, முதலில் பழைய ஆலயக் குருமார் மரபான ஆரோன் வழியினர், அடுத்து ஆலயப் பணியாளர் மரபான லேவியர், பிறகு ஏனையோர் என்ற வரிசையில், தந்தை பெயரோடு சேர்த்து எபிரேயத்தில் அழைப்பவர் கபாய். தந்தையின் நினைவுநாள் வருகிறவர், மணம் முடிக்கப்போகிறவர், பதின்மூன்று நிரம்பிய சிறுவன் ஆகியோரை மனத்தில் வைத்து, யாருக்கு எப்போது முறை என்று முன்கூட்டியே வகுப்பவரும் அவரே. தோரா எழுதப்பட்ட தோல்சுருளில் உயிர்க்குறிகளும் இசைக்குறிகளும் இல்லாததால், குறிகளோடு அச்சிட்ட நூலை விரித்துக்கொண்டு வாசிப்பவரின் அருகில் நின்று, பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் அங்கேயே திருத்துவதும் அவர் பணியாக இருக்கிறது.

'கபாய்' என்பதன் வேர்ப்பொருள் திரட்டுபவர். அறநிதியை இருவர் திரட்டவேண்டும், மூவர் பகிர்ந்தளிக்கவேண்டும் என்று பழைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. அந்த வேருக்குத் 'தண்டலர்' மிகவும் பொருந்தும்; ஆனால் தண்டல் என்றதும் கடைதோறும் நாள்வட்டி வசூலிப்பவரே வாசகர் நினைவுக்கு வருவார். வேரை விட்டு, இன்றைய பணியைப் பற்றிக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. 'முறைகாரர்' எனக்குப் பிடித்த சொல்தான்; எனினும் நம் கோயில் வழக்கில் அது முறை உடையவரைக் குறிக்குமேயன்றி முறை வகுத்து அழைப்பவரைக் குறிக்காது. ஆகவே 'முறையழைப்பாளர்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். வாசிப்பைத் திருத்தும் பணி இதில் அடங்கவில்லை என்பது உண்மையான குறை. ஆயினும் சபையோர் அவரை நாடி வருவது முறைக்காகவே.

தொழுகையை முன்நின்று ஓதும் ஹசானுக்கு, 'ஓதுவார்' சைவக் கோயிலோடு பிணைந்துவிட்டதால், 'முன்னோதுநர்' எனலாம். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிக்குத் 'தலைவர்' போதும். தமிழ் விவிலியமும் யவீருவை ஜெப ஆலயத் தலைவர் என்றே சொல்கிறது.