திருகோணமலையில் வெளிச்சம் போடுகிறவர்களின் பகிர்வு: பறுவம், கூத்துக்களரி, வடக்கு யன்னல்

உப்புவெளியிலிருந்து, திறந்தவெளி மேடை பற்றி:

கடற்கரை மேடைக்கு வெளிச்சம் திட்டமிடும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது கலண்டர். நமக்குக் கடல் கிழக்கில். மேடையின் முதுகைக் கடலுக்குக் கொடுத்தால், பறுவத்தன்று (முழுநிலவு நாளில்) சூரியன் விழுகிற நேரத்தையொட்டி நிலவு மேடைக்குப் பின்னாலேயே எழும்பும். அதன்பிறகு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். பறுவம் கழிந்து இரண்டாம் நாள் என்றால் 8 மணியளவு. கதையில் நிலவு எந்தக் கட்டத்தில் வேணுமோ, அதற்கேற்ற நாளைப் பிடிக்கலாம். ஆனியில் தென்கிழக்காக எழும்பும், மார்கழியில் (மழை விட்டால்) வடகிழக்காக. மேடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அதை வைத்தே முடிவெடுங்கள்.

முழுநிலவு தருவது ஒரு லக்ஸில் கால்பங்கு அளவுதான். முன்லைற் எரிந்தால் வானத்தில் நிலவு தெரியும், மணலில் நிலவொளி தெரியாது. அந்தக் காட்சிக்கு எல்லா லைற்றையும் அணைத்து, சனத்தின் கண் பழக நாலைந்து நிமிடம் கொடுக்க வேணும். அந்த இடைவெளியை ஒரு பாட்டால் நிரப்பலாம்.

போகஸ் பண்ணுவதை முதல்நாள் இரவே முடியுங்கள். ஆடி மாதத்தில் சூரியன் மறைய 6.30 ஆகிவிடும், இருட்ட இன்னும் 20–25 நிமிடம் செல்லும். 7 மணி நிகழ்ச்சிக்கு அன்றைக்குப் போகஸ் பண்ண நேரமே மிஞ்சாது. பிடித்த கோணத்தைக் கிளாம்பில் வெள்ளை ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். புகை மெசின் கொண்டுவராதீர்கள். கடற்காற்றில் காசுதான் புகையும்.

கூத்து வெளிச்சம் செய்கிற ஒருவர்:

மேலே உப்புவெளி அண்ணை சொன்னது, சனம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் ஒருமுக மேடைக்குச் சரி. கூத்தாடும் வட்டமான மேடையில், அதாவது வட்டக்களரியில், முன்பக்கம் என்று ஒன்றில்லையே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு (முன்பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு) கொண்டுவந்தபோது முன்லைற்றுக்கு ஒரு திசை கிடைத்தது. ஊர்க் களரியில் சனம் சுற்றிவர இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து போடும் லைற் எதிர்ப்பக்கத்தார் கண்ணில் குத்தும்.

கணக்கு இப்படி. களரி 6 மீற்றர் அகலம். விளிம்பிலிருந்து 1 மீற்றர் வெளியே, நாலு பக்கமும் நாலு கம்பம், லைற் 5.5 மீற்றர் உயரத்தில். நடுவில் ஆடுபவரின் முகத்தைக் குறிபார்த்தால் 45 பாகை இறக்கம் வரும். 25 பாகை விரிவுள்ள லைற் என்றால் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு 32 பாகையில் இறங்கும். எதிரே 1 மீற்றர் தள்ளி நிலத்தில் இருப்பவரின் கண்ணோ 29 பாகையில்தான் இருக்கிறது. தப்பிவிடுவார். அதே இடத்தில் 40 பாகை லைற்றை மாட்டினால் மேல்விளிம்பு 25 பாகைக்கு ஏறி நேரே கண்ணில் விழும். கதிரை போட்டால் கண் இன்னும் உயர்ந்து, 25 பாகை லைற்றின் கற்றைக்கு இன்னும் மேலே போகும்; அதற்காகக் கம்பத்தை உயர்த்தத் தேவையில்லை. ஒரு கம்பத்துக்கு இரண்டு லைற்: ஒன்று நடுவுக்கு, மற்றது கம்பத்துக்குக் கிட்டிய பாதிக்கு, செங்குத்தாக.

இப்போது எல்லோரும் விடுகிற பிழை: மங்கல்கண்ணாடி போட்ட அகன்ற எல்ஈடியால் களரியை நிரப்புவது. ஆட்டக்காரரின் கிரீடத்திலும் மார்பிலும் ஒட்டியிருக்கிற கண்ணாடித்துண்டு எதற்கு? பந்தத்தின் சின்னச் சுவாலையை, பிறகு பெற்றோமக்ஸின் மண்டிலை, ஆட்டக்காரர் சுழலும்போது துண்டுதுண்டாகச் சனத்தின் பக்கம் எறிவதற்கு. ஒளி வரும் இடம் அகலமானால் கண்ணாடி மின்னாது, வெறும் சாம்பல் தகடாகத்தான் தெரியும். எட்டு லைற்றையும் பாதிக்குக் குறைத்து, கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் 2 மீற்றர் உயரத்தில் தெளிந்த கண்ணாடியுள்ள இழைபல்ப் ஒன்றை மூடியில்லாமல் தொங்கவிடுங்கள். ஒரு பல்ப் போதும். இரண்டாவது வந்தால் மின்னல் குழம்பும்.

நிறமும் முக்கியம். பந்தத்தின் ஒளி 1900 கெல்வின் அளவு (எண் குறைந்தால் மஞ்சள்சாயல், கூடினால் நீலச்சாயல்). 6500 கெல்வின் வெள்ளையில் நம்முடைய தோல் சாம்பல் பூசினதுபோல் இருக்கும், குங்குமம் மண்நிறமாகும். 2700–3000 கெல்வின், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு (CRI) 90க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள்.

வயர் வேலை செய்பவர்:

எட்டு எல்ஈடி, ஒன்று 150 வோட் என்றால் மொத்தம் 1200. 230 வோல்ட்டில் 5 அம்பியர் சொச்சம். பழைய 1000 வோட் ‘பார்’ (PAR) லைற் எட்டு என்றால் 35 அம்பியர். இப்போது பாரம் குறைந்துபோனதால் கவனமும் குறைந்துவிட்டது. கேபிள் உருளையைப் பாதி சுற்றியபடி விடாதீர்கள், உள்சுற்று சூடேறி உருகும். முழுதாக இழுத்துப் போடுங்கள். பிளக் மூட்டுகளை மணலில் வைக்காமல் கல்லில் ஏற்றுங்கள். பொலித்தீனை முழுக்கச் சுற்றினால் உள்ளே வியர்த்து 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும்; அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். ட்ரிப் விழுகிறதென்று அதைக் கழற்றி நேரே கொடுப்பவரோடு வேலை செய்யாதீர்கள்.

போர்டிலிருந்து லைற்றுகளுக்குக் கட்டளை போகும் டிஎம்எக்ஸ் வரிசையில் கடைசி லைற்றுகள் துடித்தால் போர்டைக் குறை சொல்லமுதல் கடைசி லைற்றைப் பாருங்கள். 2ஆம், 3ஆம் முனைகளுக்கிடையே 120 ஓம் தடை இல்லாவிட்டால் சைகை திரும்பி வந்து தன்னையே குழப்பும். டிஎம்எக்ஸ் வயருக்குப் பதிலாக மைக் வயர் போட்டால் நீளத்தில் ஏமாற்றும். நிகழ்ச்சி முடிந்த இரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து உலர்த்துங்கள்.

ஓவியக்கூடம் கட்டுகிறேன், வடக்கு யன்னல் நல்லதா என்று கேட்டவருக்கான பதில்:

வடக்கு யன்னல் நேர்வெயிலில்லாத சீரான ஒளி தரும் என்பது ஐரோப்பியப் புத்தகத்துக் கணக்கு. நாம் 8.5 பாகை வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் 12ஐ ஒட்டி உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஓகஸ்ட் 31 வரை மதியச் சூரியன் வடக்கிலேதான். ஆனியில் அதன் உயரம் 75 பாகை: 1.2 மீற்றர் உயர யன்னலுக்கு 32 சென்ரிமீற்றர் தாழ்வாரம் மதியத்தை மறைக்கும். காலை மாலை வெயில் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து சரிந்து வருவதற்குத் தாழ்வாரம் உதவாது, யன்னலின் இரு கரையிலும் நிமிர்ந்த பலகை வேணும். தெற்கு யன்னலுக்கு மார்கழி மதியம் 58 பாகை, தாழ்வாரம் 75 சென்ரிமீற்றர். சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். கடல் தெரிகிற பக்கத்தில், வெளியே கண்கூசும்போது யன்னலைச் சுற்றிய சுவர் கறுத்துத் தெரியாமல் இருக்கட்டும் என்று மினுக்குப் பெயின்ற் அடித்தால் கன்வஸில் பளபளப்பு விழும்; மினுக்கில்லாத பெயின்ற் நல்லது.

கோயில் மின்வேலை பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக:

எண்ணெய் ஊறிய கருங்கல் விக்கிரகம் வெளிச்சத்தைக் குடிக்கும். அதன் வளைவுகளில் ஓடுகிற சுவாலையின் கோட்டைத்தான் நாம் உருவமாகக் காண்கிறோம். அடுக்குத்தீபம் அசையும்போது அந்தக் கோடும் அசைகிறது. மேலே ரியூப் லைற் எரிந்தால் கோடு அழிந்து கல் தட்டையாகும். கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டப லைற்றுக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள், தீபாராதனையின்போது அணைக்க, மணி அடிக்கிறவரின் கைக்கு எட்டும் இடத்தில்.