ஸ்கேன் எல்லாம் நார்மல், பையனுக்கு வலி மட்டும் நிற்கவில்லை

கேள்வி: கவுந்தப்பாடி அம்மா

வணக்கமுங்க. என் பையனுக்குப் பதினாறு வயது. பத்தாவது முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம், நீட் கோச்சிங்கும் அங்கேயேதான். ஆடி மாதம் தலைவலி என்று ஆரம்பித்தது, அப்புறம் வயிற்றுவலி, இப்போது கழுத்தும் தோளும் சேர்ந்து வலிக்கிறது என்கிறான். ஈரோட்டில் இரண்டு மூன்று டாக்டரிடம் காட்டிவிட்டோம். தலைக்கு ஸ்கேன், வயிற்றுக்கு ஸ்கேன், ரத்தம், கண் எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர் அவன் எதிரிலேயே "இவனுக்கு ஒண்ணுமில்லை, பள்ளிக்கூடம் போகப் பிடிக்கலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வலி என்று வாயையே திறப்பதில்லை, மெடிக்கலில் மாத்திரை வாங்கி அவனாகவே தினமும் போட்டுக்கொள்கிறான்.

அவங்க அப்பா நடிக்கிறான் என்கிறார். எங்க அம்மா தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார், பண்ணாரியில் புற்றுமண் வாங்கிப் பூசிக் கயிறும் கட்டியாயிற்று. தீபாவளி லீவுக்கு வந்தவன் திரும்பப் போகவே இல்லை. போனில் கேம் ஆடும்போது மட்டும் வலி தெரிவதில்லை போல, அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் வாலிபால் என்றால் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன் இப்போது கிரவுண்டு பக்கமே போவதில்லை. ராத்திரி ஒரு மணி வரை புரள்கிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். என் நாத்தனார் மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். வலிக்கு எதற்குங்க மனநல டாக்டர்? நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன பேர் வரும்? இந்த வலி நிஜமா இல்லையா, அதையாவது யாராவது சொல்லுங்க.

பதில்: குழந்தை மருத்துவர், கோவை

அம்மா, வலி நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கட்டி, புண், கிருமி, வீக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். வலியை அளக்கும் கருவி எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய விளக்கத்திலேயே வலி என்பது உடலும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று இருக்கிறது, திசு சேதம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் வலி என்று அதில் எங்கும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத வலியை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாசல் இருக்கிறது என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965-ல் எழுதினார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் மடையை ஏற்றி இறக்குவது போலத்தான். அந்த மடையை இறக்கி வைக்க மூளை பயன்படுத்தும் செரோடோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்களும்தான் மனநிலைக்கும் தூக்கத்துக்கும் வேலை செய்கின்றன. பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு வந்தால் மடை திறந்தே கிடக்கும், சின்ன வலியும் பெரிதாக ஏறும். வலி ஏறினால் தூக்கம் கெடும், விளையாட்டு நிற்கும், சிநேகிதம் போகும், மனசு இன்னும் சோரும். எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும்.

போன் விஷயம் நடிப்புக்குச் சாட்சி ஆகாது. கவனம் வேறு பக்கம் போனால் வலி குறையும், கை முறிந்த பிள்ளைக்கும் அப்படித்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த மாத்திரை. பாராசிட்டமால் மாதிரி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையாலேயே தலைவலி வரும், இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். என்ன மாத்திரை, எத்தனை என்று திட்டாமல் கேளுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, காலை எழுந்ததும் வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், இதில் ஏதாவது இருந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி இருக்காமல் உடனே திரும்பக் காட்டுங்கள்.

பதில்: லாரி பாடி பில்டிங், திருச்செங்கோடு

டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் நேராக மனநல மருந்துக்குப் போய்விடாதீங்க. முதலில் அந்தப் போனை வாங்கி வைங்க. ராத்திரி தூங்காதவனுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? என் அண்ணன் மகனுக்கு இரும்புச்சத்து குறைந்துதான் இதே மாதிரி சோர்ந்து கிடந்தான்.

பதில்: பிளஸ் ஒன் ஆசிரியை, திருப்பூர்

அண்ணா, தூக்கம் முக்கியம்தான், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஆனால் போனை வெடுக்கென்று பிடுங்கினால் அவனுக்கு மிச்சமிருக்கும் நாலு சிநேகிதர்களும் போய்விடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் என்று வைத்தால் அவனுக்கு மட்டும் தண்டனை மாதிரி இருக்காது.

அக்கா, எங்கள் பள்ளியில் நிறையப் பிள்ளைகளின் அப்பா அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். வலி என்று சொன்னால்தான் யாராவது பக்கத்தில் உட்காருகிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை, "எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்ல வழி தெரியாத பிள்ளைக்கு உடம்புதான் பேசுகிறது. பையன்களிடம் மனச்சோர்வு அழுகையாக வராது, பெரும்பாலும் எரிச்சலாகத்தான் வரும். டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோலிலேயே இந்த வயதில் சோகத்துக்குப் பதில் எரிச்சலையும் கணக்கில் எடுக்கிறார்கள்.

ஹாஸ்டலில் என்ன நடந்தது என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? மார்க் வரிசைப்படி செக்‌ஷன் மாற்றுவது, சீனியர் பையன்கள் அடிப்பது, வார்டன் எல்லோர் முன்னாலும் திட்டுவது, எதுவும் இருக்கலாம். அவங்க அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, வண்டியில் போகும்போது கேளுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பிள்ளைகள் பேசும்.

பதில்: கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

அம்மா, எனக்கு ஒன்பதாவதில் இடுப்புவலி வந்து, ஒரு வருஷம் பாதி நாள் பள்ளிக்குப் போகவில்லை. "ஒண்ணுமில்லை" என்று டாக்டர் சொல்லும்போது வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது, ஏனென்றால் அதற்கப்புறம் யாரிடமும் சொல்ல முடியாது.

கோவையில் ஒரு சைக்காலஜிஸ்ட்தான் முதல் தடவை "எனக்குப் புரியுது, உனக்கு வலிக்குது" என்று சொன்னார். அவர் செய்ததெல்லாம் சாதாரண விஷயம்தான். தோப்புக் கடைசி வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும், வலி அதிகமான நாளிலும் அவ்வளவு, வலி இல்லாத நாளிலும் அதற்குமேல் ஒரு அடி கூடாது, வாரம் போகப் போகத்தான் தூரத்தைக் கூட்டுவோம். மூச்சுப் பயிற்சி உண்டு. அப்புறம் என் அம்மிச்சியிடம், தினம் காலையில் "இன்னைக்கு எப்படி வலிக்குது கண்ணு" என்று கேட்பதை நிறுத்தச் சொன்னார். கேட்கக் கேட்க நானும் உடம்பில் வலியைத் தேடிக்கொண்டே இருந்தேன். இப்போதும் பரீட்சை சமயத்தில் வரும், ஆனால் கிளாஸுக்குப் போகிறேன். வலி போன அப்புறம் பள்ளிக்கு அனுப்பலாம் என்று காத்திருக்காதீங்கம்மா, பக்கத்திலேயே ஒரு பள்ளியில் பாதி நாளாவது போகட்டும்.

கவுந்தப்பாடி அம்மா

எல்லோருக்கும் நன்றிங்க. வண்டியில் போகும்போது கேட்டேன். ஹாஸ்டலில் அடிப்பார்கள் என்று மட்டும் சொன்னான். அப்புறம் "இப்படியே இருந்து என்னம்மா பண்றது" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவனிடம் அதைப் பற்றிப் பேசலாமா, பேசினால் வினையாகிவிடுமா?

பதில்: குழந்தை மருத்துவர், கோவை

பேசுங்கள் அம்மா, இன்றைக்கே. "செத்துப்போகலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறையும். அவன் சொல்வதைக் கடைசி வரை கேளுங்கள், இடையில் புத்தி சொல்ல வேண்டாம். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், இரண்டு நாளைக்கு அவனைத் தனியாக விட வேண்டாம். ஆமாம் என்று சொன்னாலோ, உங்களுக்குப் பயமாக இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அவன் அந்த மாதிரி எண்ணம் இல்லை என்று சொன்னாலும் நாளைக்குக் காலையில் காட்டிவிடுங்கள். உங்களுக்குப் பக்கம் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கே குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள், திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்காது. பேர் கெடும் என்ற பயம் வேண்டாம், 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை அவர்கள் வெளியில் சொல்லக்கூடாது, பள்ளிக்கும் சொந்தக்காரர்களுக்கும் போகாது.

முதல் நாளே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஓயாத ஒற்றைத் தலைவலி இருந்த 135 பிள்ளைகளிடம் 2013-ல் வெளியான ஆய்வில், மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கும், மருந்தோடு வலியைச் சமாளிக்கும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கும் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. பொள்ளாச்சிப் பெண் சொன்ன நடையும் மூச்சுப் பயிற்சியும் இந்த வகைதான்.

அவங்க அப்பாவையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஹாஸ்டலில் அடித்த விஷயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே திரும்ப அனுப்புவது பற்றி இப்போதைக்கு வீட்டில் யாரும் பேச வேண்டாம்.