புதுப்பிப்பு: தமிழ் வகுப்பில் இரத்த ஓட்டம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டத்தை விளையாட்டாகச் சொல்லித்தர வழி கேட்டிருந்தேன். தரையில் இதயத்தை வரைந்து பிள்ளைகளையே நடக்கவிடச் சொன்னவருக்கு முதல் நன்றி. அதைத்தான் செய்தோம்.

சாக்பீஸால் நான்கு அறைகள். ஒரு மூலை நுரையீரல், எதிர்மூலை கால்விரல். இரத்தமாக நடக்கும் பிள்ளைகள் நீல அட்டையோடு (ஆக்சிஜன் குறைவு) வலது மேலறையில் நுழைந்து, கீழறைக்கு இறங்கி, நுரையீரலில் சிவப்பு அட்டை (ஆக்சிஜன் நிறைவு) வாங்கி, இதயத்தின் இடப்பக்கம் வழியாக உடலுக்குப் போக வேண்டும். வால்வாக, அதாவது ஒருவழிக் கதவாக, நின்ற பிள்ளைகள் திரும்பி வருகிறவர்களை விடவே இல்லை! வால்வின் வேலையை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: நீலம் அட்டைக்குத்தான். ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான்.

அப்புறம் நாடி. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் சின்னக் களிமண் உருண்டை, அதில் மருந்து நீக்கிய தீக்குச்சி. ஒவ்வொரு துடிப்புக்கும் குச்சி லேசாக ஆடும்; குதித்துவிட்டு வந்து பார்த்தால் வேகமாக ஆடும். விலை கொடுத்து வாங்கும் மாதிரிப் பொம்மையைவிட இது எவ்வளவோ மேல்.

பெரிய பிள்ளைகளுக்கு, ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்திய உலகின் முதல் அறுவை சிகிச்சை 1967 டிசம்பர் 3 அன்று நம் கேப் டவுனில், க்ரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன். கேள்விகள் கொட்டின.

ஐந்து வயதுக்குச் சரிவருமா என்று கேட்டவருக்கு: தீக்குச்சி போதும். நான்கு அறைப் பாதையை ஏழு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.